ஒழுங்கைச் சண்டையை நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தோம்: போகலாமா, வேண்டாமா?

முதலே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை ஏன் குறைந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

விசயம் இதுதான். துண்டு போட்டு விற்ற காணியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற 18 உறுதிக்காரருக்கும் விற்றவருக்கும் இடையில் வந்த பிணக்கு. பொலிஸ் 66ஆம் பிரிவின் கீழ் ஒரு வழக்குப் போட்டது, சுருக்கமாக 66 வழக்கு (காணிச் சண்டை கைகலப்பாகாமல் தடுக்கப் போடுவது). விசாரணைக்குப் போகாமல், அதற்கு முன்னால் நீதவான் இரண்டு பகுதியையும் கூப்பிட்டுப் பேசுகிற கட்டத்திலேயே முடித்துக்கொண்டோம். பங்குனியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்தது. இடம் வன்னி, ஏ9 வீதியில் இருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே, ஒரு சின்னக் குளத்தின் கீழ்ப்பக்கம். ஊர்ப் பெயர் எழுதமாட்டேன், எழுதினால் ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், பிறகு எங்கள் ஒழுங்கையில் மறுபடியும் சண்டை.

அந்தக் காணி மொத்தம் 3 ஏக்கர், பழைய உறுதிக் காணி. இதை அழுத்திச் சொல்கிறேன். வன்னியில் நிறையக் காணி 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெமிற் காணி, அதைத் துண்டாடுவதென்றால் கதை பிரதேச செயலகத்தில்தான் தொடங்கும். எங்களுடையது அது இல்லை. 2019இல் காணிக்காரர் முன்பக்கம் 2 ஏக்கரை மட்டும் 18 துண்டாக்கி, துண்டுக்கு 15 பேர்ச் கணக்கில், அதாவது ஒன்றரைப் பரப்பு, விற்றார். நடுவில் ஒரு பாதை. பின்பக்கத்து 1 ஏக்கர் "மிச்சக் காணி" என்று பிளானில் கிடந்தது. கலரில் அடித்து எங்களுக்குக் காட்டிய தாளில் அந்த மிச்சக் காணிக்குப் பச்சை பூசி, "சிறுவர் பூங்கா" என்று எழுதியும் இருந்தது. எனக்கு அப்போது சின்ன மகனுக்கு நான்கு வயது. பச்சையைப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன், வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது, எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில், 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால் பாதை போக மிச்சத்தில் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கவேண்டும். 3 ஏக்கர் என்றால் 1.21 ஹெக்டேயர், ஒதுக்கவேண்டும். 2 ஏக்கர் என்றால் 0.81 ஹெக்டேயர், ஒதுக்கத் தேவையில்லை. ஆகவே முதலில் 2 ஏக்கருக்கு அனுமதி, மூன்று நான்கு வருடம் கழித்து மிச்சம் 1 ஏக்கருக்கு வேறொரு விண்ணப்பம். கத்தியை வைத்துக் கேக் வெட்டுகிற மாதிரி.

போன வருடம் பங்குனியில் மிச்சக் காணியில் 12 துண்டு போடப்போகிறேன் என்று ஆள் வந்தார். அந்தப் 12 வீட்டுக்கும் எங்கள் ஒழுங்கைதான் வழி. ஒழுங்கையின் கடைசியில் கொங்கிறீற் தூண் நட்டு 15 அடியாக ஒடுக்கினார். குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் போகிற வாய்க்காலுக்குள் கிரவல் கொட்டினார். மூன்றாவது டிப்பர் வந்த அன்று எங்கள் ஆட்கள் குறுக்கே நின்றார்கள், டிப்பர்காரர் இறங்கினார், ஒருவர் மண்வெட்டிப் பிடியோடு ஓடிவந்தார் (எங்கள் பக்கம்தான், என்ன செய்ய), பொலிஸ் வந்தது.

அதற்கு முன்னால் மத்தியஸ்த சபைக்கும் போயிருந்தோம். ஊரில் இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்வார்கள். 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் நடக்கும், மூன்று பேர் இருந்து கதைப்பார்கள், சட்டத்தரணி வரக்கூடாது. எனக்கு அந்த இடம் பிடித்தது. பிள்ளைகளின் வாங்கில் இருந்து கதைக்கும்போது ஆட்களுக்குச் சத்தம் போட மனம் வருவதில்லை. செலவும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் எங்கள் விசயத்துக்குச் சரிவரவில்லை. முதல் நாள் காணிக்காரர் வரவில்லை, இரண்டாம் முறை வந்து "எல்லாம் சபை அனுமதியோடுதான் செய்கிறேன்" என்று ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த அனுமதி என்னவென்று காட்ட பிரதேச சபையில் இருந்து ஒருவரும் அங்கே இல்லை. இணக்கம் எட்டப்படவில்லை என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அண்ணன் தம்பி வேலிச் சண்டை, கடன், மாடு பயிரை மேய்ந்தது என்றால் அங்கேயே போங்கள், நல்ல இடம். பிளான், அனுமதி, பல உறுதி என்று வந்தால் கஷ்டம்.

சரி, 66க்கு வருகிறேன். 1979இன் 44ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிற பிரிவு அது. காணிப் பிணக்கால் சமாதானக் குலைவு வரும்போல இருந்தால் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம், சம்பந்தப்பட்டவர் நேரடியாகவும் போகலாம். காணி யாருக்குச் சொந்தம் என்று அங்கே தீர்ப்பதில்லை. இப்போதைக்கு யார் இருக்கலாம், யார் எந்தப் பாதையைப் பாவிக்கலாம், அவ்வளவுதான். இரண்டு பகுதியும் சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று, விசாரணைக்குத் திகதி போடுவதற்கு முன்னால் சமாதானத்துக்குக் கொண்டுவர நீதிமன்றம் எல்லா முயற்சியும் எடுக்கவேண்டும் என்று அந்தப் பிரிவின் 6ஆவது உட்பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே நீதவான் "பேசித் தீருங்கள்" என்றால் அது தட்டிக்கழிப்பு என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். நான் முதல் தவணையில் அப்படித்தான் கோபப்பட்டேன்.

முதல் தவணை வீண். இரண்டாவதில் சத்தியக்கடதாசிகள். எங்கள் 18 துண்டில் 2 துண்டின் சொந்தக்காரர் கனடாவிலும் பிரான்சிலும். அவர்களுக்காக இங்கே யாரும் கையெழுத்து வைக்க முடியாது, அதற்கு அற்றோணித் தத்துவம் என்ற அதிகாரப் பத்திரம் வேண்டும், அது வந்து சேர ஒரு தவணை போய்விட்டது. வெளிநாட்டில் இருந்து காணி வாங்குகிறவர்கள் தயவுசெய்து அதை முதலிலேயே ஒருவருக்குக் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் "நான் சம்மதம்" என்று குரல் அனுப்பினால் நீதிமன்றத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இடையில் நீதிமன்றத்து அறிவித்தல் ஒன்றைக் காணியில் பாலை மரத்தில் அடித்துவிட்டுப் போனார்கள், இந்தக் காணியில் வேறு யாருக்கும் சம்பந்தம் இருந்தால் வாருங்கள் என்று. சும்மா சடங்கு என்றுதான் நினைத்தோம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஐந்து குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்களில் மூத்தவர், எல்லோரும் பெரியையா என்றுதான் கூப்பிடுவார்கள், என்னிடம் கேட்டார்:

"ரீச்சர், நீங்கள் ஒழுங்கைக்குச் சண்டை பிடிக்கிறியள், சரி. உந்தக் கிழக்கு ஓரத்தால எங்கட அப்பு காலத்தில இருந்து வண்டில் போன பாதை. உங்கட பிளானில அது எங்க?"

பிளானைத் தேடினேன். இல்லை. 2009க்குப் பிறகு முகாமில் இருந்து திரும்பி வந்தபோது காணி முழுக்கப் பற்றை, எல்லைக்கல்லும் கதியாலும் எங்கே போனதென்று தெரியாது, வண்டில் பாதையும் அந்தப் பற்றைக்குள் போய்விட்டது. அவர்கள் வெட்டித் திறந்து உழவு மெசின் கொண்டுபோனார்கள், யாரும் கேட்கவில்லை, ஆகவே எழுத்திலும் இல்லை. இவ்வளவு நாளும் நாங்கள் 18 பேரும் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள் என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். எங்கள் பின்வேலிகளில் மூன்று அந்தப் பாதைக்குள்தான் நின்றன.

சமாதானப் பேச்சு நடந்த தவணைதான் இந்தச் சேவையின் நல்ல பகுதி, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீதவான் சட்டத்தரணிகளைக் கேட்டுவிட்டு எங்களை முன்னால் வரச் சொன்னார். ஒரே ஒரு கேள்வி. "இந்த ஒழுங்கை எத்தனை அடி?" நான் 20 என்றேன். பக்கத்து வீட்டு அண்ணை 18 என்றார். காணிக்காரர் 15 என்றார். பெரியையா, "லாண்ட்மாஸ்டர் ஒண்டு போனா எதிரில வாற சைக்கிள் நிக்கோணும் ஐயா" என்றார். நீதிமன்றமே சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. ஒழுங்கையின் அகலம் தெரியாமல் நான் உங்களுக்கு எதைச் சமாதானம் செய்வது, இரண்டு பகுதியும் சேர்ந்து ஒரே நில அளவையாளரை வைத்து அளந்து, எல்லோரும் காணியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள், செலவு பாதி பாதி என்றார். எல்லாம் தமிழில் நடந்ததால் பின்வாங்கில் இருந்தவர்களுக்கும் அப்படியே விளங்கியது.

அதுவரைக்கும் நான்கு மாதமாக நாங்கள் கதைத்தது நியாயம், நம்பிக்கை, ஏமாற்று, மனச்சாட்சி. நாடாவை இழுத்துப் பிடித்ததும் கதை மாறியது. எங்கள் உறுதிகளில் "ஏறத்தாழ 20 அடி அகலப் பாதை" என்று எழுதியிருந்தது. அந்த "ஏறத்தாழ" என்ற ஒரு சொல்லில்தான் இத்தனை சண்டையும். அனுமதி பெற்ற பிளானில் 6.1 மீற்றர் என்று தெளிவாக இருந்தது, அதாவது 20 அடி. காணிக்காரர் தூண் நட்ட இடத்தில் 4.6. என் வீட்டு வாசலில் 5.3.

ஓம், என் வீட்டு வாசலில்தான். என் வேலி இரண்டரை அடி ஒழுங்கைக்குள் நின்றது. நான் வேணுமென்று போடவில்லை, பூவரசங் கதியால் நட்ட ஆள் மதிலுக்கு இடம் விட்டு வெளியே நட்டுவிட்டார், நானும் கேட்கவில்லை. என்னோடு சேர்த்து ஐந்து வீடு அப்படி. காணிக்காரர் ஒன்றும் சொல்லாமல் என் கதியாலைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க வந்தது. பெரியையா 2018 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னார், அந்த மாரியில் கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது இந்தக் காணியில் தண்ணீர் எந்த வழியால் இறங்கியது என்று நடந்து காட்டினார். அளவையாளர் அவருக்குப் பின்னால் நடந்து மட்டம் பார்த்தார். பெரியையா காட்டிய கோடும் கருவி காட்டிய பள்ளமும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் பள்ளத்தில் வீடு கட்டினால் முதல் மாரியிலேயே அடுப்படிக்குள் தண்ணீர் வரும் என்று காணிக்காரரே வாய்விட்டுச் சொன்னார்.

முடிவு இப்படி வந்தது. மிச்சம் 1 ஏக்கரில் 12 துண்டு இல்லை, 8 துண்டு, துண்டுக்கு 12 பேர்ச். 3 ஏக்கரையும் ஒன்றாகக் கணக்குப் பார்த்து, பாதைகள் போக 410 பேர்ச், அதில் 10 வீதம் 41 பேர்ச், அந்தப் பள்ளப் பக்கமாகவே பொதுவுக்கு ஒதுக்குவது. வாய்க்காலுக்கு 3 பேர்ச் விட்டுக் கிரவலை அவர் செலவில் அள்ளுவது. கிழக்கு ஓரத்தில் 12 அடி வண்டில் பாதை. எங்கள் பக்கத்தில், அந்த 8 வீட்டுக்கும் ஒழுங்கையைப் பாவிக்கச் சம்மதம் (இதற்குத்தான் எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைக்கப் படாத பாடு பட்டேன், ஒழுங்கை தங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள்), முறைப்பாட்டை வாபஸ் வாங்குவது, வேலிகளைப் பின்னால் எடுப்பது. அவருக்கு 4 துண்டு நட்டம். எங்களுக்குப் பூங்கா வந்தது என்று சொல்லமாட்டேன், சேறு வந்தது. மாரி போனால் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

நீதவான் இரண்டு விசயத்தில் கறாராக இருந்தார், இரண்டுக்கும் என் நன்றி. ஒன்று, சபை விதி அனுமதிக்காத எதையும் நீங்கள் இங்கே இணங்கிக்கொள்ள முடியாது, 150 சதுர மீற்றர் குறைந்தபட்ச அளவோ பாதை அகலமோ உங்கள் சம்மதத்தால் மாறாது, ஆகவே புதிய பிளானுக்குப் பிரதேச சபையின் அங்கீகாரம் கிடைத்தால்தான் இந்த இணக்கம் நடைமுறைக்கு வரும் என்று எழுத வைத்தார். மற்றது, காணிக்காரரின் சட்டத்தரணி எழுதிக் கொண்டுவந்த இணக்கத்தில் மறுபடியும் "ஏறத்தாழ 20 அடி" என்று இருந்தது. எங்கள் சட்டத்தரணி எழும்புவதற்கு முன்னால் நீதவானே அதை வெட்டிவிட்டு, "6.1 மீற்றர், இணைக்கப்பட்ட வரைபடத்தில் காட்டியவாறு" என்று போடச் சொன்னார். எல்லோரும் கையெழுத்து வைத்தோம், பெரியையாவும். அதையே கட்டளையாக்கினார். மீறினால் அது குற்றம்.

இனிக் குறை. முதலாவது, 66 கட்டளை நிரந்தரத் தீர்வு மாதிரித் தோன்றும், முழுக்க அப்படி இல்லை. நாளைக்கு யாராவது மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்குப் போட்டால் இந்தக் கட்டளை அதைத் தடுக்காது. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வரும்போது எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. வேறொரு நொத்தாரிசு சொல்லித்தான், ஒழுங்கைக்கும் வண்டில் பாதைக்கும் பாதை உரிமை உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தோம். அது தனிச் செலவு, தனி அலைச்சல். இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அந்த 8 துண்டையும் வாங்க வருகிறவருக்குக் காகிதத்தில் எங்கள் பாதை கண்ணில் படாது.

இரண்டாவது, காத்திருப்பு. காலை 9 மணிக்குப் போனால் எங்கள் பெயர் கூப்பிடப் பதினொன்றரை, சிலநாள் மத்தியானம். பாடசாலையில் எனக்கு ஐந்து நாள் லீவு போனது. கூலிக்குப் போகிற ஆளுக்கு ஒரு தவணை என்றால் ஒருநாள் சம்பளம், அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வயல்காரர் ஐந்து பேரும் தங்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் இருந்தார்கள், விதைப்புக்கு நிலம் பண்படுத்துகிற காலம்.

மூன்றாவது, பிளான் ஆங்கிலத்தில். அளவு ஹெக்டேயரில். 0.0379 என்று போட்டிருந்தால் அதுதான் உங்கள் 15 பேர்ச் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கணக்கு ரீச்சர் என்றபடியால் சமாளித்தோம், ஒரு கொப்பியில் 18 துண்டையும் பரப்பு, பேர்ச், மீற்றர் என்று மூன்றிலும் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தேன். நீதிமன்றத்துக் கோப்பில் அப்படி ஒரு தாள் இருந்தால் எத்தனை சண்டை தன்பாட்டில் அடங்கும்.

காசு கேட்பீர்கள். சட்டத்தரணி, பாதி அளவைச் செலவு, பிறகு பாதை உறுதி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 12,500 ரூபா பிரித்தோம். 18 பேர் சேர்ந்து ஒருவரை வைத்ததால் அவ்வளவு. தனித்தனியாக ஆள் வைத்திருந்தால் ஒரு துண்டை விற்கவேண்டி வந்திருக்கும். இருவர் இன்னும் தரவில்லை, யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

போகிறதென்றால் நீதவான் சொல்லும்வரைக்கும் காத்திருக்காமல் முதலே அளந்துகொண்டு போங்கள். சபையில் அங்கீகரித்த பிளானின் உறுதிப்படுத்திய பிரதி, உங்கள் உறுதி, காணி வாங்கும்போது காட்டிய கலர்த் தாள் இருந்தால் அதுவும். அந்தப் பச்சை பூசிய தாளை நான் மடித்து அலுமாரியில் வைத்திருந்தேன், அதைக் காட்டிய பிறகுதான் "பூங்கா என்று நான் சொல்லவே இல்லை" என்ற கதை நின்றது. உங்கள் சொந்த வேலியையும் அளந்து பாருங்கள், நான் பட்ட வெட்கம் உங்களுக்கு வேண்டாம்.

என் பூவரசு ஆறு கதியால் போய்விட்டது, வாசலில் நிழல் இல்லை, புதிதாக நட்டது இப்போதுதான் துளிர்க்கிறது. வாய்க்காலுக்கு மதகு போடுவது மட்டும் பாக்கி, இந்த மாரிக்கு முன் முடியுமென்று காணிக்காரர் சொல்கிறார். போன கிழமை அவரே வீட்டுக்கு வந்தார், பின்பக்கத்துத் துண்டு ஒன்றை வாங்க வந்தவருக்குக் காட்ட வேணும், என்னிடம் இருக்கிற பிளானைத் தர முடியுமா என்று. கொடுத்தேன். போட்டோக்கொப்பியைத்தான்.